கறுப்பைத் தொடாத வெந்நீர்

அந்தத் தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே எதிர்வீட்டுத் தையல்காரி வைத்துவிட்ட பெயர் இது. "காலையில ஆன் ஆனா, தூங்கப் போறப்பதான் ஆஃப் ஆகுது" என்றாள் தையல்காரி. "ஆமா, கரண்ட் பில் உன் வீட்டுக்கா வருது?" என்று இவள் திருப்பிக் கேட்டாள். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சொன்னவர்கள் யாரும் மாடு வைத்துப் பிழைத்ததில்லை போலிருக்கிறது. ரேடியோவை அந்த வாய்தான் மாட்டிவிட்டது.

நடந்தது இதுதான். ரேடியோவின் கணவன் லாரி ஓட்டுகிறவன்; மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் இவளும், அவன் அண்ணன் மூத்தவரும், மூத்தவரின் மனைவியும். அந்த அம்மாவை இவள் அக்கா என்று கூப்பிடுவாள். மூத்தவர் இரும்புக்கடை வைத்திருந்தார். இயந்திரம் எதைக் கண்டாலும் அவருக்கு எச்சில் ஊறும். ஒரு பெரிய பால் பண்ணையை இழுத்து மூடியபோது அங்கிருந்து கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக இருந்த ஒரு பசுவை வாங்கி வந்தார். கூடவே, தீவனம் நறுக்குகிற மெஷின் ஒன்றையும் வாங்கி வந்தார். மாட்டைவிட மெஷினைத்தான் அதிக நேரம் தடவிக்கொடுத்தார்.

பசுவுக்கு ரேடியோ வைத்த பெயர் சீமாட்டி. பிறந்ததிலிருந்து பண்ணைக் கொட்டகையை விட்டு வெளியே வராத மாடு அது. வேலியோரம் மேய்ந்து, எது தின்னுகிற தழை எது தின்னாத தழை என்று மோந்து பார்த்துப் பழகாதது. தொட்டியில் என்ன விழுகிறதோ அதுதான் அதற்குச் சாப்பாடு. கறப்பது, கழுவுவது, தீவனம் வைப்பது எல்லாம் ரேடியோ. வெயில் காலம் வந்து புல் காய்ந்ததும் பசுந்தழைக்கு மட்டும் மூத்தவர் பொறுப்பேற்றுக்கொண்டார். ஸ்கூட்டரில் மூட்டை கட்டிக்கொண்டு வருவார், மெஷினில் போட்டு நறுக்குவார், தவிடும் வெல்லத்தண்ணீரும் தெளித்துக் கலந்து வைப்பார்; அதை அள்ளித் தொட்டியில் போடுவது ரேடியோ. "பச்சையா இருந்தா எல்லாம் தீவனம்தான். மெஷினுக்குள்ள போயிட்டு வந்தா மாடு மறு பேச்சு பேசாது" என்பார். மெஷின் மழையில் நனையக் கூடாது என்று கொட்டகைத் தகரத்தைப் பிரித்து அதற்குக் கூரை போட்டார். மாடு வெட்ட வெளியில் நின்றது. அதை ரேடியோ கேட்காமல் விடவில்லை. "புதுத் தகரம் வரட்டும்" என்று பதில் வந்தது.

அந்த வாரம் ஒரு காலை, கறந்து முடிக்கிற நேரத்தில் சீமாட்டி விட்டது ஒரு உதை. பால் முழுக்க ரேடியோவின் தலையில். ஏற்கெனவே ஜலதோஷம் பிடித்து மூக்கடைத்துக் கிடந்தவள் அவள். தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்தினாள்: "உன்னைக் கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்தாத்தான்டி உனக்குப் புத்தி வரும்!"

தெரு முழுக்கச் சிரித்தது. மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது.

அன்று காலை மூத்தவர் போட்ட கூச்சலில் தையல்காரி ஊசியை ரவிக்கையில் குத்தியபடியே ஓடி வந்தாள். சீமாட்டியின் முதுகில் வெள்ளைத் தோல் சிவந்து வீங்கி, ஓரிடத்தில் ஈரக் காகிதம்போல உரிந்து தொங்கியது. கண்ணில் நீர் வடிந்தது. பக்கத்திலேயே, பால் கேன் கழுவ ரேடியோ தினமும் வெந்நீர் போடுகிற அண்டா ஆவி பறக்க இருந்தது.

"எல்லாரும் வாங்க! வந்து பாருங்க! வாயில்லா ஜீவன் மேல வெந்நீரை ஊத்தியிருக்கா!" மூத்தவர் வாசலில் நின்று கத்தினார்.

"நான் ஊத்தலை மாமா."

"முந்தாநாள் நீ சொல்லலை? கொதிக்கிற தண்ணியில முக்குவேன்னு சொல்லலை?"

"சொன்னேன். சொன்னதையெல்லாம் செய்யறதா இருந்தா இந்தத் தெருவுல பாதிப் பேர் உயிரோடவே இருக்க மாட்டாங்க!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் மூத்தவரை ஏற்றிவிட்டது. கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார்: "இங்க பாரு. சாயங்காலத்துக்குள்ள இதே வாசல்ல நின்னு, நான்தான் ஊத்தினேன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கோ. இல்லேன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு. கொலைகாரிக்கு இந்த வீட்டுல இடமில்ல. தரகருக்குச் சொல்லிட்டேன், மத்தியானம் வந்து மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிடுவார்."

ஓட்டிக்கொண்டு போவது எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். தோல் உரிந்த மாட்டைக் கறிக்கடைக்காரனைத் தவிர வேறு யார் வாங்குவார்கள்?

கொஞ்ச நேரத்தில் கணவனிடமிருந்து போன். அண்ணன் முந்திக்கொண்டு பேசிவிட்டிருந்தார். "ஒரே ஒரு வார்த்தை, தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிடேன். விஷயம் முடிஞ்சுபோகும்" என்றான்.

"செஞ்சிருந்தா சொல்லுவேன். செய்யாததுக்கு எப்படிச் சொல்றது?"

"அண்ணனைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே. சும்மா வாய்க்குத்தான்."

"என் வாய் சும்மா சொன்னதுக்குத்தான் இவ்வளவும். நீங்க லாரியில உக்காந்துக்கிட்டு எனக்கு பிரேக் போடாதீங்க. வையுங்க போனை!"

போனை வைத்த பிறகு பயம்தான், வேறென்ன? பெட்டியோடு போய் அம்மா வீட்டுக் கதவைத் தட்டினால் அம்மா உள்ளே விடுவாள். ஆனால் மாட்டை வேகவைத்தவள் என்ற பெயரும் பெட்டிக்குள் உட்கார்ந்து கூடவே வரும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கொல்லையில் போய் சீமாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள். முதுகில் வெள்ளைத் திட்டு வெந்திருந்தது. அதை ஒட்டியிருந்த கறுப்புத் திட்டு எண்ணெய் தடவினாற்போலப் பளபளவென்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை. கழுத்திலும் அப்படியே. மூக்கின் வெள்ளை வெந்திருந்தது, கறுப்புக் கன்னம் நன்றாக இருந்தது. ஊற்றிய தண்ணீர் இப்படி எல்லை பார்த்தா வழியும்?

குனிந்து அடியில் பார்த்தாள். முன்னங்கால்களுக்கு நடுவே எப்போதும் நிழலிலேயே இருக்கிற இடத்திலும் வெள்ளை இருந்தது. அங்கே ஒன்றும் ஆகவில்லை. மடியில் வெயில் சாய்ந்து படுகிற பக்கத்துக் காம்பு மட்டும் சிவந்து தடித்திருந்தது. தொட்டதும் சீமாட்டி உடம்பைச் சிலிர்த்தது.

"அடியே, அன்னிக்கும் வலிச்சுதா? அதான் உதைச்சியா?" ரேடியோ அதன் கறுப்புக் கன்னத்தைத் தடவினாள். "நான் வேற உன்னைத் திட்டினேனே."

சீமாட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு சுவரோரத்து ஒட்டு நிழலுக்குள் நுழையப் பார்த்தது. காலையிலிருந்து அது அதையேதான் செய்துகொண்டிருந்தது. இரண்டு கை அகல நிழலுக்குள் இவ்வளவு பெரிய உடம்பை எப்படி அடக்க முடியும்?

ரேடியோ மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். பார்த்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டினாள். டாக்டரம்மா குறுக்கே கேட்டாள்: "கீழ் இமையை இழுத்துப் பாரு. உள்ளே என்ன நிறம்?"

"மஞ்சளா இருக்கும்மா. நல்ல மஞ்சள்."

"சாணி?"

"கல்லு மாதிரி. ரெண்டு நாளா சரியா தின்னவும் இல்ல."

"வெந்நீர் ஊத்தினா கண்ணு மஞ்சளாகாது. இது உள்ளேயிருந்து வருது. முதல்ல வெயிலை விட்டு நகர்த்து. இருட்டா ஒரு இடத்துல கட்டு, ஜன்னல் வெளிச்சம்கூட மேல விழக் கூடாது. நான் வந்து பார்க்கிறேன். அதுக்குள்ள அது என்ன தின்னுச்சுன்னு கண்டுபிடிச்சு வை. அந்தத் தீவனத்தை மறுபடி வைக்காதே."

இருட்டான இடம். கொட்டகைக்குக் கூரை இல்லை. மெஷினுக்குத்தான் கூரை. ரேடியோ சுற்றுமுற்றும் பார்த்தாள். கடைசியில் வீட்டைப் பார்த்தாள். முன்னறைக்கு இரட்டைக் கதவு. ஜன்னலுக்கு மூத்தவர் ஆசையாக வாங்கிப் போட்ட கனத்த திரை. டிவி பார்க்கும்போது வெளிச்சம் கண்ணில் அடிக்கக் கூடாதாம்.

தயங்கவே இல்லை. கயிற்றை அவிழ்த்தாள். "வாடி, உனக்கும் சோபா யோகம் வந்திருக்கு!"

சீமாட்டி வாசற்படியில் ஒரு நிமிடம் நின்று யோசித்தது. உள்ளே இருட்டைக் கண்டதும் தானாகவே ஏறிப் போனது. சோபாவை ஓரம் தள்ளி, தரையில் சாக்கை விரித்து, திரையை இழுத்துவிட்டு, இரட்டைக் கதவை உள்ளே தாழ் போட்டாள் ரேடியோ. அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்தாள். மூத்தவர் சொன்னதற்குத் தலையாட்டியே கழுத்து பழகிப்போன பெண்மணி அவள். சரி, ரேடியோ அவளிடம் எதையும் எதிர்பார்க்கவும் இல்லை.

மத்தியானம் தரகர் சிறிய வண்டியோடு வந்தார். எரிகிற வீட்டில் பிடுங்குவது லாபம் என்று வருகிறவர். கொல்லையில் மாட்டைக் காணோம். மூத்தவர் முன்பக்கம் ஓடி வந்து கதவைத் தள்ளினார். உள்ளே இருந்து "ம்மா" என்று சத்தம் வந்தது.

"அடியே! என் ஹால்லயா?"

"ஆமா, உங்க ஹால்லதான்."

"டைல்ஸ் போட்ட தரைடி அது! கதவைத் திற!"

"திறக்க மாட்டேன். டாக்டரம்மா வர்ற வரைக்கும் மாடு இருட்டுலதான் நிக்கும்."

தரகர் தன் பங்குக்கு ஜன்னல் பக்கம் வந்தார். "ஏம்மா, சாகப்போற மாட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற? கொடுத்திடு, உனக்கும் நல்லது."

"எனக்கு நல்லது எதுன்னு எனக்குத் தெரியும். இந்த மாடுதான் என் சாட்சி. சாட்சியைக் கறிக்கடைக்கு அனுப்பிட்டு நான் யார்கிட்ட போய் நியாயம் கேக்கறது? நீங்க வண்டியைத் திருப்புங்க!"

தெரு கூடிவிட்டது. தையல்காரி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி முன்வரிசையில் நின்றாள். மூத்தவருக்கு மானம் போயிற்று. வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். பிறகு திடீரென்று நினைவு வந்து வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினார்.

பின்கதவை ரேடியோ மறந்தே போயிருந்தாள். சமையலறைப் பக்கமிருந்து தாழ்ப்பாள் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. சரிதான், அக்கா திறந்துவிட்டாள். எல்லாம் முடிந்தது என்று சீமாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

யாரும் வரவில்லை. பின்கதவைப் படபடவென்று தட்டுகிற சத்தம்தான் வந்தது. அக்கா தாழ்ப்பாளைத் திறக்கவில்லை, போட்டிருந்தாள். "ஏய், திறடி! என்னடி பண்ற உள்ளே?" அக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வாளியில் தண்ணீரைக் கொண்டுவந்து மாட்டின் முன் வைத்தாள். "குடிக்கட்டும். காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கலை" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ரேடியோ வாளியைச் சீமாட்டியின் வாய்க்கு எட்ட நகர்த்தி வைத்தாள்.

டாக்டரம்மா வந்த பிறகுதான் கதவு திறந்தது. டார்ச்சு அடித்துக் கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், தோலின் எல்லைக் கோட்டை விரலால் தொடாமல் தொட்டுக் காட்டினாள். கரித்தூள் கலந்த மருந்தைக் குழாய் வழியாக உள்ளே இறக்கினாள், டிரிப் ஏற்றினாள். பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "யாரும் எதையும் ஊத்தலை. தின்ன தழையில விஷம். ஈரல் கெட்டுப்போச்சுன்னா தோல் வெயிலைத் தாங்காது. கறுப்புத் தோலுக்குள்ள வெயில் அவ்வளவா இறங்காது. வெள்ளை வெந்துபோகும். இருட்டுல கட்டினது நல்லதாப் போச்சு. என்ன தழை போட்டீங்க?"

"புல்லுதான். வெறும் புல்லு" என்றார் மூத்தவர், யாரும் அவரைக் கேட்பதற்கு முன்பே.

ரேடியோ கொல்லைக்குப் போனாள். ஜலதோஷம் விட்டு மூக்கு அன்றைக்குத்தான் திறந்திருந்தது. மெஷினின் மூடியைக் கழற்றியதும் குப்பென்று ஒரு காரமான நெடி. அத்தனை நாளும் இதுதான் அவள் கைக்கடியில் இருந்திருக்கிறது. மெஷினுக்கு மூக்கு கிடையாது, அவளுக்கு மூக்கு அடைப்பு, மாட்டின் மூக்கை வெல்லத்தண்ணீர் ஏமாற்றிவிட்டது. கத்தியின் இடுக்கில் சொரசொரப்பான இலைத் துண்டுகளும், வாடிய சின்னஞ்சிறு பூங்கொத்துகளும் சிக்கியிருந்தன. ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஸும். உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு வந்து டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

"உண்ணிச்செடி" என்றாள் டாக்டரம்மா. "மேய்ஞ்சு பழகின மாடு இதோட வாசனைக்கே வாய் வைக்காது. பொடியா நறுக்கி, தவிடு கலந்து வச்சா எந்த மாடுதான் கண்டுபிடிக்கும்?"

தையல்காரி கையைத் தட்டினாள். "அட! மைதானத்து உண்ணிச்செடி வேலி மொட்டையா நிக்குதே, எந்தப் புண்ணியவானோ வெட்டிச் சுத்தம் பண்ணியிருக்கான்னு நான் வாழ்த்திக்கிட்டு இருக்கேன்!"

எல்லோருடைய கண்ணும் மூத்தவர் மேல் போயிற்று. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். தரகரின் வண்டி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது.

"சரி சரி, போனது போகட்டும்" என்றார் மூத்தவர். "தெரியாம நடந்தது. எல்லாரும் வெயில்ல நிக்காதீங்க, போங்க. இவளே, டாக்டரம்மாவுக்கு டீ போடு."

போனது போகட்டுமாம்! காலையில் கொலைகாரி என்று தெருவைக் கூட்டியபோது போகாதது, இப்போது மட்டும் போய்விட வேண்டுமாம். ரேடியோ நகரவில்லை. வாசற்படியில், காலையில் அவர் நின்ற அதே இடத்தில், போய் நின்றாள்.

"டீ அப்புறம். எல்லாரும் கொஞ்சம் இருங்க" என்றாள். "முதல்ல நான் என்னோடதைச் சொல்லிடறேன். அந்தத் தழையைத் தொட்டியில அள்ளிப் போட்டது நான். என் கையாலதான் போட்டேன். என்ன தழைன்னு பார்க்காம போட்டேன். அது என் தப்பு. வலியில உதைச்ச மாட்டைத் திட்டினேன், அதுவும் என் தப்பு. ஆனா நான் வெந்நீர் ஊத்தலை. இப்ப நீங்க உங்களோடதைச் சொல்லுங்க மாமா."

"நான் எதுக்குச் சொல்லணும்? நான் இந்த வீட்டுக்கு மூத்தவன்!"

"அதான் மாமா. மூத்தவர் சொன்னதாலதான் தெருவே நம்பிச்சு."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா ஒண்ணும் இல்ல. தோல் ஆறுற வரைக்கும் மாடு ஹால்லதான் இருக்கும், அது டாக்டர் உத்தரவு. நானும் அது பக்கத்துலயே இருப்பேன், பெட்டி கட்ட மாட்டேன். தினமும் காலையில இந்தப் படியில நின்னு, யார் என்ன வெட்டிக்கிட்டு வந்தாங்கன்னு நியூஸ் வாசிப்பேன். எனக்கு ரேடியோன்னு சும்மாவா பேர் வச்சிருக்காங்க?"

தெரு மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டது. மூத்தவர் இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, சட்டைப் பொத்தானிடம் ரகசியம் சொல்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தார். அதில் "தழை" என்பது மட்டும் காதில் விழுந்தது. முணுமுணுத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினார்.

வாசல் நிலையில் அக்கா நின்றிருந்தாள். கையை நிலையில் ஊன்றி வழியை மறித்திருந்தாள்.

"கேக்கலை" என்றாள்.

"என்னது?"

"எனக்கே கேக்கலை, தெருவுக்கு எப்படிக் கேக்கும்?" அக்காவின் குரல் இவ்வளவு கனமானது என்று அந்தத் தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது. "காலையில எவ்வளவு சத்தமா அவளைச் சொன்னீங்களோ, அவ்வளவு சத்தமா சொல்லுங்க. மூட்டையை நீங்க இறக்கினப்ப, இது என்ன தழைங்கன்னு நான் கேட்டேன். வாயை மூடுன்னு சொன்னீங்க. மூடினேன். இனிமே மூட மாட்டேன்."

மூத்தவர் மனைவியைப் பார்த்தார். அவள் கண் இமைக்கவில்லை. அவர் தெருவைப் பார்த்துத் திரும்பினார்.

"அவ வெந்நீர் ஊத்தலை" என்றார். இந்த முறை தெருமுனை வரை கேட்டது. "வேலியை வெட்டிக்கிட்டு வந்து மெஷின்ல போட்டது நான்தான். அவ மேல பழி போட்டதும் நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. தையல்காரி அளவு நாடாவை மடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். அக்கா நிலையிலிருந்து கையை எடுத்து அவருக்கு வழிவிட்டாள்.

ரேடியோ அழுதாள். நன்றாக, சத்தமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். அழுதபடியே உள்ளே போய், மாட்டின் மேல் வெயில் விழுகிறது என்று கதவைச் சாத்தினாள்.